உஷ்! லைப்ரரியில் ஆட்டம் நடக்குது!

சாந்தோம் —

லைப்ரரி என்றதும் என்ன ஞாபகம் வருகிறது?

"அமைதி காக்கவும்" என்று ஒரு போர்டு. மூக்குக் கண்ணாடிக்கு மேலே முறைக்கும் இரண்டு கண்கள். தலைக்கு மேல் கடகடவென்று ஓடும் ஃபேன். விரித்த பேப்பருக்குப் பின்னால் சுகமாகத் தூங்கும் ஒரு பெரியவர்.

அங்கே போய் விளையாட்டா? போட்டியா? பரிசா?

"படிக்கிற இடத்துல என்ன சார் ஆட்டம்?" என்று கேட்பவர்கள் நம் ஊரில் ஏராளம். ஆனால் சாந்தோமிலிருந்து ஆட்டோ ஏறினால் கொஞ்ச நேரத்தில் போய் இறங்கிவிடக்கூடிய ஒரு கட்டடத்தில், புத்தக அலமாரிக்குப் பக்கத்திலேயே ஆட்டம் போட்ட ஒரு பையன்தான் பிறகு ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார்!

யார் என்று சொல்லவும் வேண்டுமா? விஸ்வநாதன் ஆனந்த்!

தோற்றவன் எழுந்திரு!

ஆழ்வார்பேட்டை, கஸ்தூரி ரங்கன் சாலை. இன்று ரஷ்யப் பண்பாட்டு மையம் என்று பெயர். அப்போது சோவியத் கலாசார மையம். புத்தகம் உண்டு, படம் போடுவார்கள், ரஷ்ய மொழி சொல்லித் தருவார்கள். கூடவே செஸ்!

1972-ல் மானுவல் ஆரோன் சென்னையில் ஒரு செஸ் கிளப் தொடங்கினார். ஆரோன் லேசுப்பட்ட ஆள் இல்லை. பிறந்தது பர்மாவில், வளர்ந்தது தமிழ்நாட்டில். 1961-லேயே இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர். ஒன்பது முறை தேசிய சாம்பியன். செஸ்ஸுக்காக அர்ஜுனா விருது வாங்கிய முதல் ஆள்.

கிளப்புக்கு அவர் வைத்த பெயர் மிகைல் டால் செஸ் கிளப். டால் என்பவர் ரீகா நகரத்துக்காரர். 1960-ல் உலக சாம்பியன் ஆனவர். ராணியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு ராஜாவை மடக்கும் துணிச்சல்காரர். சோவியத் மையம் இடம் கொடுத்தது. செஸ் புத்தகங்களும் அங்கே கிடைத்தன. அந்த நாளில் நல்ல செஸ் புத்தகம் வாங்குவது என்றால் குமாஸ்தா சம்பளத்தில் ஆகிற காரியமா?

1972 என்ற வருஷத்தையும் கவனியுங்கள். ஐஸ்லாந்து நாட்டு ரெய்க்யாவிக்கில் அமெரிக்காவின் பாபி ஃபிஷர், ரஷ்யாவின் ஸ்பாஸ்கியைத் தோற்கடித்து உலகத்தையே செஸ் பைத்தியம் பிடிக்க வைத்த வருஷம் அது.

கிளப்பில் ஒரு கெடுபிடி. மின்னல் ஆட்டம் நடக்கும்போது ஜெயித்தவர் நாற்காலியை விட்டு எழ வேண்டாம். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். காத்திருப்பவர்கள் நிறைய. தோற்றால் மறுபடி ஆடக் கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

சின்னப் பையன் என்றால் என்ன செய்வான்? எழுந்திருக்காமல் இருக்க ஒரே வழிதான். ஜெயித்துக்கொண்டே இருக்க வேண்டும்!

ஆனந்த் மின்னல் வேகத்தில் காய் நகர்த்துவதைப் பார்த்துப் பின்னாளில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் அசந்துபோயின. அந்த வேகம் பிடிபட்டதற்கு இந்த நாற்காலிச் சண்டையும் ஒரு காரணம் என்பது அவரே பல பேட்டிகளில் சொன்ன சங்கதி.

"இனி பதில் அனுப்பாதே!"

இதைவிட ருசிகரமான கதை ஒன்று உண்டு. அது நடந்தது மணிலாவில்.

ஆனந்த் பிறந்தது 1969 டிசம்பர் 11-ம் தேதி, மயிலாடுதுறையில். ஆறு வயதில் செஸ் சொல்லிக் கொடுத்தவர் அம்மா சுசீலா. அப்பா ரயில்வே அதிகாரி. 1970-களின் கடைசியில் வேலை நிமித்தம் பிலிப்பைன்ஸுக்குக் குடும்பத்தோடு போனார்.

பிலிப்பைன்ஸ் அப்போது செஸ் மயம். ஆசியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் யூஜினியோ டோரே அந்த நாட்டுக்காரர்தான். அந்தப் பட்டம் வந்தது 1974-ல். 1978-ல் கார்போவ் - கோர்ச்னாய் உலகப் போட்டியே அங்கே பாகியோ என்ற மலை ஊரில் நடந்தது. ஊரே செஸ் பேசியது.

டி.வி.யில் பட்டப்பகலில் ஒரு செஸ் நிகழ்ச்சி. கடைசியில் ஒரு புதிர் கொடுப்பார்கள். சரியான விடை எழுதி அனுப்பினால் புத்தகம் பரிசு.

பையன் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பான். என்ன செய்வது? அம்மா டி.வி. முன்னால் உட்கார்ந்து ஆட்டத்தையும் புதிரையும் எழுதி வைத்துக்கொள்வார். பையன் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள்.

ஒரு பரிசு வந்தது. இரண்டாவது வந்தது. அப்புறம் வந்துகொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் டி.வி. நிலையத்தாருக்கே தாங்கவில்லை. பையனைத் தங்கள் நூலகத்துக்கே கூட்டிப் போய்விட்டார்கள். வேண்டுகிற புத்தகத்தை எல்லாம் எடுத்துக்கொள், தயவு பண்ணி இனி விடை மட்டும் அனுப்பாதே என்று கும்பிடு போட்டுவிட்டார்கள்!

பின்னே? மற்ற பிள்ளைகளுக்கும் ஒரு புத்தகமாவது கிடைக்க வேண்டாமா?

1985-ல் இன்டர்நேஷனல் மாஸ்டர். 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன். 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர். 2000-ல் முதல் உலகப் பட்டம். பிறகு 2007, 2008, 2010, 2012 என்று வரிசை. இன்று இந்திய கிராண்ட் மாஸ்டர்கள் எண்ணிக்கை 80-ஐத் தாண்டிவிட்டது. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தமிழ்நாட்டுக்காரர்கள். 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் உலக சாம்பியன் ஆன குகேஷும் சென்னைப் பையன்தான்.

இத்தனைக்கும் ஆரம்பத்தில் இருந்தது என்ன? நாலு போர்டு, கொஞ்சம் புத்தகம், காசு கேட்காத ஒரு ஹால்.

பொம்மைக் கடையில் பிறந்த திட்டம்

சரி, நூலகத்துறை மேதைகள் விளையாட்டைப் பற்றி என்ன நினைத்தார்கள்?

சாந்தோம் சர்ச்சிலிருந்து கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தால் மாநிலக் கல்லூரி வரும். அங்கே கணக்கு வாத்தியாராக இருந்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார்.

ஆன சில நாளிலேயே வெறுத்துவிட்டது! பேச ஆள் இல்லை. கேள்வி கேட்க மாணவர் இல்லை. புத்தகம் மட்டும் சுற்றி நிற்கிறது. "என்னைப் பழைய வேலைக்கே அனுப்பிவிடுங்கள்" என்று போய் நின்றுவிட்டார். முதலில் லண்டனுக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்கள்.

லண்டனில் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடை. அங்கே மெக்கானோ என்ற பொம்மையை வைத்து வித்தை காட்டிக்கொண்டிருந்தார்கள். இரும்புப் பட்டை, நட்டு, போல்ட்டு. அதே துண்டுகளை ஒரு தரம் பாலமாகப் பூட்டலாம். கழற்றி இன்னொரு தரம் கிரேனாகப் பூட்டலாம்.

ரங்கநாதன் நின்று பார்த்தார். பளிச்சென்று மூளையில் ஏறியது. புத்தகங்களை வகைப் பிரிக்கவும் இப்படித்தானே செய்யலாம்? சின்னச் சின்னத் துண்டுகளாகப் பொருளைப் பிரித்து வைத்துக்கொண்டு, வேண்டியபடி பூட்டிக்கொள்ளலாமே?

அதுதான் 1933-ல் வெளிவந்து உலகம் முழுவதும் பேசப்பட்ட கோலன் பகுப்பு முறை. நூலகத்துறைக் கல்லூரிகளில் இன்றும் பாடம்!

பொம்மைக் கடையில் ஒரு நூலகர் வேடிக்கை பார்த்ததால் கிடைத்த லாபம் இது. நூலகத்தில் விளையாட்டுச் சாமான் இருந்தால் படிப்பு கெட்டுப்போகும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

ரெட் அண்ட் ஃபாலோ!

பெரிய மனிதர்கள் கதை கிடக்கட்டும். சென்னைக்காரனுக்கு உண்மையில் பழக்கமான நூலகம் எது? படிப்பகம்!

கீற்றுக் கொட்டகை. வாசலில் கட்சிக் கொடிக் கம்பம். உள்ளே ஒரு பெஞ்சு, நாலு தினசரி, தலைவர் படம். பக்கத்தில் ஒரு கேரம் போர்டு. மேலே தொங்கும் பல்பு, அதற்குக் கவிழ்த்த தகரக் குல்லா.

திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகமும் மன்றமும் முளைத்தன. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கு ஒருவர் பேப்பரை உரக்கப் படிப்பார். பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். சலூனிலும் டீக்கடையிலும் நடந்ததும் இதுவேதான்.

பையன்கள் பேப்பருக்காகவா வந்தார்கள்? கேரத்துக்காக வந்தார்கள். தங்கள் முறை வரும்வரை சும்மா உட்கார முடியுமா? கையில் பேப்பரை எடுத்தார்கள். அப்படித்தான் சென்னையில் பல பேருக்குப் படிக்கிற பழக்கமே ஒட்டிக்கொண்டது. "ரெட் அண்ட் ஃபாலோ" என்று கத்தின வாயாலேயே தலையங்கமும் பேசினார்கள்.

கேரத்தில் இந்த ஊர் சும்மா இல்லை. இரண்டு முறை உலக சாம்பியனாகி அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயம் சென்னைக்காரர். 2008-ல் உலகப் பட்டம் கொண்டு வந்த இளவழகி வியாசர்பாடி. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் அள்ளிய காஸிமா புதுவண்ணாரப்பேட்டை. அவருடைய அப்பா ஆட்டோ ஓட்டுநர்.

செஸ்ஸுக்கு மேல்தட்டு மரியாதை. கேரத்துக்கு இன்னமும் 'வேலை வெட்டி இல்லாதவன் ஆட்டம்' என்ற பெயர். இது என்ன நியாயமோ!

அகராதியைக் கிழித்தார்கள்

விளையாட்டால் நூலகத்துக்குத் தலைவலியே இல்லையா என்று கேட்டால், உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும்.

1913 டிசம்பர் 21-ம் தேதி நியூயார்க்கில் ஒரு பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்துப் புதிரைப் போட்டார். பத்து வருஷத்தில் அது காய்ச்சலாகப் பரவியது. 1924-ல் புதிருக்கென்றே தனிப் புத்தகம் வந்தது. விற்பனை தூள்!

நியூயார்க் பொது நூலகம் திண்டாடிப்போனது. அகராதியையும் கலைக்களஞ்சியத்தையும் புதிர்க்காரர்கள் மொய்த்துக்கொண்டார்கள். உண்மையில் படிக்க வந்த மாணவனுக்கு அகராதி கிடைக்கவில்லை. அகராதியை யார் காப்பாற்றுவது என்ற பேச்சாகிவிட்டது.

நம் ஊரிலும் கூத்து நடந்தது. 1930-களில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி என்றால் வீட்டுக்கு வீடு பென்சிலும் ரப்பரும்தான். பரிசுப் பணத்துக்கு ஆசைப்பட்டு ஒரே ஆள் கட்டுக்கட்டாக விடை அனுப்புவார். விடை ஒரு எழுத்தில் தவறிப்போனால் வீடே துக்க வீடு.

நாடு முழுக்க இப்படிப் பரிசுப் போட்டி வியாபாரம் கொழித்தது. கடைசியில் மத்திய அரசு 1955-ல் பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டு வந்தது. மாதம் மொத்தப் பரிசு ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று கடிவாளம். குறுக்கெழுத்துப் போட்டி நடத்திய சமர்பாக்வாலா என்பவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1957-ல் தீர்ப்பு. சூதாட்டத்துக்குப் பாதுகாப்பு கிடையாது, மூளைத் திறமையால் ஜெயிக்கும் போட்டி வேறு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக்கூடாது என்று கோர்ட்டு பிரித்துக் காட்டியது.

ஆன்லைன் ரம்மி வழக்கு எது வந்தாலும் வக்கீல்கள் கையில் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பு இருக்கும். செல்போனில் ரம்மி ஆடிச் சம்பளத்தைக் கோட்டை விடுகிற குமாஸ்தாக்கள் இந்தக் காலத்தில் எத்தனை பேர்! லைப்ரரி ஆட்டத்தில் அந்த ஆபத்து கிடையாது. பந்தயம் கட்ட முடியாது. தோற்றால் போவது நாற்காலி மட்டும்தான்.

நவம்பர் வந்தால் திருவிழா

நம் கிளை நூலகங்களில் போட்டிக் காலம் என்றால் அது நவம்பர். 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா. 1968 முதல் நாடு முழுவதும் நடக்கிறது. நேரு பிறந்த நாளில் ஆரம்பம் என்பதால் பிள்ளைகளுக்கும் விழா, புத்தகத்துக்கும் விழா.

பேச்சுப் போட்டி, கட்டுரை, ஓவியம், வினாடி வினா. சில இடங்களில் பெண்களுக்குக் கோலப் போட்டியும் உண்டு. வாசகர் வட்டத் தலைவர் தலைமை. ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலர் ஆனவர்களுக்குச் சால்வை. கடைசி நாள் பரிசளிப்பு. எவர்சில்வர் டப்பா, டிபன் பாக்ஸ், நல்ல நூலகராக இருந்தால் புத்தகம்.

குறை என்ன என்றால், ஜெயிப்பது வருஷா வருஷம் அதே முகங்கள். வீட்டில் அப்பா கட்டுரை எழுதிக் கொடுக்க, பள்ளிக்கூடத்தில் டீச்சர் மனப்பாடம் பண்ணி வைக்க, மேடையில் ஏறி ஒப்பிக்கும் பிள்ளைக்கு முதல் பரிசு. நொச்சிக்குப்பத்துப் பையன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்கே ஓடிப்போவான். கோப்பை ஏற்கெனவே படிக்கிற பிள்ளைக்கே போய்ச் சேர்கிறது. படிக்காத பிள்ளையை உள்ளே இழுக்கத்தானே போட்டி?

அடுத்த குறை, இது ஏழு நாள் கூத்து. 21-ம் தேதி நாற்காலியை அடுக்கி வைத்துவிட்டால், அடுத்த நவம்பர் வரை அமைதியோ அமைதி.

இங்கிலாந்துக்காரர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். 1999 முதல் அங்கே கோடை விடுமுறையில் நூலகங்களில் வாசிப்புச் சவால் நடக்கிறது. ஆறு புத்தகம் எடுத்துப் படிக்க வேண்டும். ஒவ்வொன்று முடிக்கும்போதும் ஸ்டிக்கர் மாதிரி ஏதாவது ஒரு சின்ன வெகுமதி. ஆறும் முடித்தால் சான்றிதழ். முதல் பரிசு, இரண்டாம் பரிசு கிடையாது. முடித்த எல்லாப் பிள்ளையும் ஜெயித்த பிள்ளை. செலவும் ஜாஸ்தி இல்லை.

தங்கம் தேடிப் போனவர்கள்

அமெரிக்காவில் இன்னும் பழைய கதை. சான்ஃபிரான்சிஸ்கோ. தங்கம் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு உலகமே ஓடிய ஊர். தங்கம் தீர்ந்தது, வேலை போனது, ஆட்கள் தெருவில் நின்றார்கள். 1854-ல் மெக்கானிக்ஸ் இன்ஸ்டிட்யூட் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தொழில் கற்றுக்கொள்ள நூலகம். அதோடு சேர்த்து ஒரு செஸ் அறை.

1906 பூகம்பத்திலும் தீயிலும் எல்லாம் சாம்பல். மறுபடி கட்டினார்கள். 1910-ல் எழுந்த கட்டடம் இன்றும் இருக்கிறது. அமெரிக்காவிலேயே விடாமல் நடந்து வரும் மிகப் பழைய செஸ் கிளப் அந்த நூலகத்துக்குள்தான்!

கிளீவ்லாண்ட் பொது நூலகத்தில் இன்னொரு அதிசயம். ஜான் ஒயிட் என்ற வக்கீல், நூலகக் குழுத் தலைவராக இருந்தவர். 1928-ல் காலமானபோது ஆயிரக்கணக்கான செஸ் புத்தகங்களை நூலகத்துக்கே எழுதி வைத்துவிட்டார். உலகத்தின் மிகப் பெரிய செஸ் நூல் சேகரிப்பு இன்று அதுதான்.

ஆஸ்பத்திரி ஆகத் தெரிந்த நூலகம்

சாந்தோம், மந்தைவெளி, அடையாறு பக்கத்து ஜனங்களுக்கு இப்போது பெரிய நூலகம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2008 ஆகஸ்டில் அடிக்கல். 2010 செப்டம்பர் 15-ம் தேதி அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். எட்டு ஏக்கர், ஒன்பது மாடி.

முதல் மாடி பிள்ளைகளுக்கு. நடுவில் ஒரு செயற்கை மரம். அதன் அடியில் உட்கார்ந்து கதை கேட்கலாம், படம் வரையலாம். முறைக்கிற ஆள் இல்லை. கண் தெரியாதவர்களுக்குப் பிரெய்லி பகுதி. சொந்தப் புத்தகம் கொண்டு வந்து படிக்கத் தனி இடம்.

இவ்வளவும் பறிபோகத் தெரிந்தது. 2011 நவம்பர் 2-ம் தேதி, ஆட்சி மாறிய ஆறு மாதத்தில், அன்றைய அரசு அறிவித்தது: இந்தக் கட்டடம் குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆகும், நூலகம் வேறு இடம் போகும்! வாசகர்களும் எழுத்தாளர்களும் கொதித்தார்கள். இரண்டே நாளில் ஐகோர்ட்டு தடை போட்டது. நூலகம் அதே இடத்தில் தப்பிப் பிழைத்தது.

செயற்கை மரமும் பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், அதன் அடியில் நிற்க இடம் இருக்காது. மதுரையில் 2023 ஜூலை 15-ம் தேதி திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர் பகுதிக்கு ராஜ உபசாரம்தான்.

22 லட்சம் பேர் ஆடும் ஆட்டம்

ஆனால் நம் நூலகங்களில் இன்று நடக்கும் மிகப் பெரிய போட்டி எது தெரியுமா? செஸ்ஸும் இல்லை, கோலமும் இல்லை. குரூப்-4!

2022-ல் டி.என்.பி.எஸ்.சி. 7,301 இடம் என்று அறிவித்தது. மனுப் போட்டவர்கள் சுமார் 22 லட்சம்! இளநிலை உதவியாளர், டைப்பிஸ்ட், வி.ஏ.ஓ. வேலைக்கு இந்த அடிதடி.

காலையில் கதவு திறக்கும்போதே டிபன் கேரியரோடு நிற்கிறார்கள். இடம் பிடிக்கத் துண்டு போடுகிறார்கள். வீட்டில் படிக்க இடமில்லை. கோச்சிங் சென்டருக்குக் கட்டக் காசில்லை. அவர்களுக்கு நூலகம்தான் கதி. அந்தப் பையன்களுக்கும் பெண்களுக்கும் பக்கத்து மேஜையில் ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்டால் எரிச்சல் வராதா? வரும். "அண்ணே, கொஞ்சம் சத்தம் இல்லாம ஆடச் சொல்லுங்க" என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஒரே கூரையின் கீழ் இரண்டையும் வைக்க வேண்டுமானால் சுவர் வேண்டும். கோட்டூர்புரத்தில் மாடி மாடியாகப் பிரிக்க இடம் இருக்கிறது. தெருக்கோடிக் கிளை நூலகத்தில் ஏது? ஒரே அறை. அங்கேயே பேப்பர், அங்கேயே பீரோ, அங்கேயே நூலகர் மேஜை. அதற்குத்தான் செஸ் தோது. சத்தம் போடாத ஆட்டம் உலகத்தில் அது ஒன்றுதான். இரண்டு பேர் மணிக்கணக்கில் மோதிக்கொண்டாலும் தூங்கும் பெரியவர் விழித்துக்கொள்ள மாட்டார்!

கேரத்துக்கு மட்டும் வாசல் திண்ணையோ மொட்டை மாடியோ, சாயங்காலத்தில் இரண்டு மணி நேரமோ ஒதுக்கினால் சரியாகிவிடும்.

காசு யாருடையது?

"இதுக்கெல்லாம் யார் சார் பணம் கொடுக்கறது?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். நீங்கள்தான் கொடுக்கிறீர்கள்!

1948-ல் சென்னை பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாகாணம் நம்முடையது. அப்போதைய கல்வி மந்திரி அவினாசிலிங்கம் செட்டியார். பின்னால் நின்று பாடுபட்டவர் அதே ரங்கநாதன்.

அந்தச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகிறது. ஒரு ரூபாய் சொத்து வரிக்குப் பத்துப் பைசா. ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். வாடகைக்கு இருக்கிறவர்களும் தப்பவில்லை. வீட்டுக்காரர் அதையும் சேர்த்துத்தானே வாடகை கேட்கிறார்? கச்சேரி ரோட்டு மளிகைக் கடைக்காரரும், லஸ் ஜவுளிக் கடைக்காரரும், மாதச் சம்பளக்காரரும் கட்டிய காசில்தான் புத்தகம் வருகிறது, ஃபேன் ஓடுகிறது.

ஒரு செஸ் செட் விலை ஓட்டலில் நாலு பேர் டிபன் சாப்பிடும் பில்லுக்கு மேல் போகாது. கேரம் போர்டு கொஞ்சம் கூட. பவுடர் டப்பா தனி.

வாங்கி வைக்கச் சொல்லி நூலகரிடம் கேட்கலாம். வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசலாம். வாங்கிக் கொடுக்கவும் செய்யலாம். பெயர் எழுதிப் பலகை வைப்பார்கள். நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஏப்ரல், மே லீவில் பிள்ளைகள் வெயிலில் திரிகிற நேரமே தோதான நேரம்.